வணிகத்தில் திட்டமிடல்: இயல்பும் அவசியமும்

ஒரு தொழிலில் எதை அடைய வேண்டும், எப்போது அடைய வேண்டும், அதற்கு எவ்வளவு பணம் தேவை, யார் எதைச் செய்வது ஆகியவற்றை முன்கூட்டியே யோசித்து முடிவு செய்வதே திட்டமிடல். பிரான்சில் சுரங்கப் பொறியியலாளராக இருந்து நிறுவனத் தலைவராக உயர்ந்த ஹென்றி ஃபயோல், 1916-இல் வெளியிட்ட நூலில் நிர்வாகப் பணிகளை ஐந்தாகப் பிரித்தார். திட்டமிடல், அமைப்பாக்கம், ஆணையிடல், ஒருங்கிணைத்தல், கட்டுப்படுத்தல் என்பவை அவை. திட்டமிடலை அவர் முதலில் வைத்தார். போகும் இடம் தெரியாமல் ஆட்களை அமர்த்தவும் முடியாது, செலவைக் கட்டுப்படுத்தவும் முடியாது.

இது நமக்குப் புதிய கருத்து அல்ல. திருக்குறளின் 47-ஆம் அதிகாரமான 'தெரிந்துசெயல்வகை', ஒரு செயலில் இறங்கும் முன் அதனால் அழிவது எது, ஆவது எது, பின்னால் கிடைக்கும் ஊதியம் எது என்று எண்ணிப் பார்க்கும்படி முதல் குறளிலேயே சொல்கிறது.

பத்து வெள்ளியில் ஒரு திட்டம்

நம் நாட்டிலேயே இதற்குச் சிறந்த உதாரணம் உண்டு. சுதந்திரத்திற்குப் பின் வெளிநாட்டு முதலாளிகள் பலர் தங்கள் ரப்பர் தோட்டங்களை விற்றனர். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றதால், தொழிலாளர்கள் வேலையை மட்டுமன்றிக் குடியிருந்த வீட்டையும் இழந்தனர். இந்தத் தோட்டத் துண்டாடலை எதிர்கொள்ள, துன் வீ.தி.சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகச் சென்று, மாதம் 10 வெள்ளி சேமித்துப் பங்குதாரராகும்படி தொழிலாளர்களைக் கேட்டுக்கொண்டார். கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் இப்படித்தான் தொழிலாளர்களின் சேமிப்பில் சங்கத்தின் சொத்தானது.

இதில் ஒரு நல்ல திட்டத்தின் கூறுகள் எல்லாமே உள்ளன. தோட்டத்தைத் துண்டாகாமல் வாங்குவது இலக்கு. மாதச் சந்தா அதற்கான வழி. சந்தாத் தொகையும் தொழிலாளி தன் சம்பளத்திலிருந்து தரக்கூடிய அளவில் இருந்தது. துண்டாடல் குறித்துக் கவலைப்பட்டவர்கள் பலர் இருந்தார்கள். அந்தக் கவலையை மாதக் கணக்காக மாற்றியதுதான் திட்டமிடல்.

திட்டமிடலின் இயல்புகள்

முதலாவது, திட்டம் எதிர்காலத்தைப் பற்றியது என்றாலும் முடிவு இன்றைக்கு உரியது. செம்பனை நட்டால் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் கழித்தே குலை வெட்ட முடியும். சுமார் 25 ஆண்டுகளில் மரம் உயர்ந்து, அறுவடை கடினமாகி, விளைச்சலும் குறையும். எல்லா மரங்களையும் ஒரே நேரத்தில் சாய்த்தால் மூன்று ஆண்டுகளுக்கு வருமானம் இருக்காது. அதனால்தான் தோட்ட நிர்வாகங்கள் ஆண்டுக்கு ஒரு பகுதியாக மறுநடவு செய்கின்றன.

இரண்டாவது, திட்டம் என்பது தேர்வு. கையில் இருக்கும் பணம் ஒன்றுதான். அதைக் கொண்டு இரண்டாவது கிளையைத் திறப்பதா, பழைய கடனை அடைப்பதா என்று முடிவு செய்தே ஆக வேண்டும்.

மூன்றாவது, திட்டம் வளைந்து கொடுக்க வேண்டும். 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, உணவகங்களில் அமர்ந்து சாப்பிட முடியாமல் போனது. கையிருப்பு வைத்திருந்தவர்களுக்கும் பொட்டலச் சாப்பாட்டுக்கு விரைந்து மாறியவர்களுக்கும் மூச்சுவிட அவகாசம் கிடைத்தது.

ஒரு சிறு கணக்கு

சிறு கடைக்குத் திட்டம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. வாழை இலைச் சாப்பாட்டுக் கடை ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். நான்கு உள்நாட்டுத் தொழிலாளர்கள் வேலை செய்கிறார்கள். 2025-இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச சம்பளமான 1,700 ரிங்கிட் வீதம் மாதம் 6,800 ரிங்கிட். முதலாளி செலுத்தும் 13 விழுக்காடு ஊழியர் சேமநிதி 884 ரிங்கிட். வாடகை 3,000, மின்சாரம், தண்ணீர், எரிவாயு 1,500 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 12,184 ரிங்கிட். சொக்சோ சந்தாவை இதில் சேர்க்கவில்லை.

ஒரு சாப்பாடு 10 ரிங்கிட், அதில் சமையல் பொருள்களுக்கு 5 ரிங்கிட் போகிறது என்றால் மீதி 5 ரிங்கிட். மாதம் 26 நாள் கடை திறந்தால், செலவை ஈடுகட்ட ஒரு நாளைக்கு 94 சாப்பாடு விற்க வேண்டும். 94 விற்றால் கடை ஓடும், ஆனால் முதலாளி வீட்டில் அடுப்பு எரியாது. அவருக்கும் மாதம் 2,500 ரிங்கிட் வேண்டுமென்றால் நாளுக்கு 113 சாப்பாடு விற்றாக வேண்டும்.

அந்த இடத்தில் மதிய நேரத்தில் 113 பேர் வருவார்களா? முன்பணம் கட்டி, அடுப்பும் மேசையும் வாங்கிய பிறகு இந்தக் கேள்வியைக் கேட்டால் நகையை அடகு வைப்பதில் போய் முடியலாம். கடைக்கு ஒப்பந்தம் போடும் முன் கேட்டால் ஒரு தாளும் ஒரு மாலைப்பொழுதும்தான் செலவு.

எங்கிருந்து தொடங்குவது?

தொழிலைத் தொடங்கிய 30 நாள்களுக்குள் மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். ஊராட்சி மன்ற உரிமமும் தேவை. கடைப் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் ஆரம்பத்திலேயே தனித்தனி வங்கிக் கணக்கில் வைக்க வேண்டும். மூன்று மாத வாடகையும் சம்பளமும் கையிருப்பில் இருப்பது நல்லது.

பண்டிகை வணிகம் செய்பவர்கள் நாளைப் பின்னோக்கி எண்ண வேண்டும். 2025-இல் அக்டோபர் 20-ஆம் தேதி வந்த தீபாவளி, 2026-இல் நவம்பர் 8-ஆம் தேதி வருகிறது. கடைக்குச் சரக்கு வந்து சேர வேண்டிய நாள், அதற்கு முன் பணம் கட்ட வேண்டிய நாள், அதற்கும் முன் ஆர்டர் கொடுக்க வேண்டிய நாள் எல்லாம் அந்தத் தேதியை ஒட்டியே நகரும்.

இந்திய வணிகர்களுக்கான ஸ்பூமி கடனுதவியை வழங்கும் தெக்குன் நிறுவனத்தையோ வங்கியையோ நாடும்போதும் இதே கணக்குதான் கைகொடுக்கும். வேறொருவர் எழுதித் தந்த திட்டத்தைக் கொடுத்துக் கடன் வாங்கிவிடலாம். ஆனால் மாதாமாதம் கடனைத் திருப்பிக் கட்டப்போவது கடைக்காரர்தான். ஆகவே எண்களைத் தாமே எழுதுவதும், மாதம் ஒருமுறை வரவு செலவோடு அவற்றை ஒப்பிட்டுத் திருத்துவதும் அவசியம். மேசைக்குள் பூட்டி வைத்த திட்டத்தால் கடைக்குப் பயனில்லை.