குளத்துக்கு நடந்தவர்கள்: மகத்தில் தலைமை உருவான விதம்



நினைவுச் சொற்பொழிவு மேடைகளில் நாம் பெரும்பாலும் தலைவர்களைப் பற்றிப் பேசுகிறோம். இன்று ஒரு தலைவரை வரவழைத்த மக்களைப் பற்றிப் பேசுவோம். 1927 மார்ச் 20 அன்று மகத் நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் இறங்கி நீர் அள்ளிப் பருகினார் என்பதை நம் பிள்ளைகள்கூட அறிவார்கள். அவரை அந்தக் கரைக்கு அழைத்து வந்தவர்கள் யார் என்ற கேள்வி நம் மேடைகளில் அரிதாகவே எழுகிறது.

மகத், கொங்கணத்தில் அன்றைய கொலாபா மாவட்டத்தில் உள்ள வணிக ஊர். சுற்றுவட்டார மகர்கள் 'வதன்' என்ற பரம்பரை ஊர்ச்சேவையில் கட்டுண்டிருந்தார்கள். செத்த மாட்டை அகற்றுவது, சாவுச் செய்தி சொல்வது, அதிகாரிகளின் முன்னால் ஓடுவது ஆகியவை அவர்களின் வேலை. நம் ஊர் வெட்டியான் ஊழியத்தை அறிந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. யார் ஆணையிட வேண்டும், யார் ஓட வேண்டும் என்பதைப் பிறப்பே முடிவு செய்தது. சாதியப் படிநிலை என்று நாம் சொல்வது இதைத்தான்.

அந்த அடுக்குக்கு வெளியே போய்த் திரும்பியவர்களும் அங்கே இருந்தார்கள். படையில் பணியாற்றி ஓய்வு பெற்ற சிப்பாய்கள் அவர்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், வேறு ஊர்களைப் பார்த்தவர்கள். 1888இல் 'விடாள் வித்வம்சக்' என்ற வெளியீட்டின் மூலம் தீண்டாமையைத் தாக்கிய கோபால் பாபா வலங்கர் இந்த வட்டாரத்துக்காரர், முன்னாள் சிப்பாய். 1890களில் மகர்களைப் படையில் சேர்ப்பதை ஆங்கில அரசு நிறுத்தியபோது மனு எழுதிப் போராடியவர். அம்பேத்கர் பிறப்பதற்கு முன்பே அங்கே ஒரு மரபு தொடங்கிவிட்டது.

அந்த மரபில் வந்த இளைஞர் ராமச்சந்திர பாபாஜி மோரே. 1903இல் மகத்துக்கு அருகில் பிறந்தவர். உதவித்தொகைக்குத் தகுதி பெற்றும் மகத் பள்ளி அவரைச் சேர்க்க மறுத்தது. சிறுவன் விடாமல் எழுதி முறையிட்டு இடம் பெற்றான். மகத் சந்தைக்கு வரும் தீண்டப்படாதோருக்குக் குடிக்கத் தண்ணீர் கிடைக்காது. மோரே அங்கே ஒரு தேநீர்க் கடை வைத்தார். ஓய்வூதியம் வாங்க வரும் சிப்பாய்களும் சந்தைக்கு வரும் உழவர்களும் கூடிப் பேசும் இடமானது அது. சங்கம் என்ற பெயர்ப்பலகை இல்லாத சங்கம் அது.

1923இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானம் பொதுக் குளங்களையும் கிணறுகளையும் தீண்டப்படாதோருக்குத் திறந்துவிடச் சொன்னது. 1924இல் மகத் நகராட்சியும் தன் குளத்தைத் திறப்பதாகத் தீர்மானித்தது. ஆனால் நீர் அள்ள முடியவில்லை. மோரேவும் தோழர்களும் மாநாடு கூட்ட முடிவு செய்து அம்பேத்கரை அழைத்தார்கள். அது நடக்க ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆயின. அந்த ஆண்டுகளில் ஊர் ஊராக நடந்து ஆள் திரட்டியவர்கள் பெரும்பாலும் பெயர் தெரியாதவர்கள். சாவுச் செய்தி சுமந்த கால்கள் மாநாட்டுச் செய்தியைச் சுமந்தன.

1927 மார்ச் 19, 20 ஆகிய நாட்களில் மாநாடு கூடியது. குளம் மூடப்பட்டிருந்ததால் மாநாட்டுக்கான தண்ணீரையே 40 ரூபாய்க்கு வாங்கினார்கள். இரண்டாம் நாள் நன்றி கூறும் வேளையில் அனந்தராவ் சித்ரே எழுந்து, குளத்துக்குப் போய் நீர் அருந்தாமல் கலையக் கூடாது என்றார். கூட்டம் அதை ஏற்று எழுந்தது. அம்பேத்கர் முன்னால் நடந்தார். திரும்பியவர்களைச் சாதி இந்துக்கள் அடித்தார்கள். பலருக்கு இஸ்லாமியர் வீடுகளே அடைக்கலம் தந்தன. திருப்பி அடிக்கத் துடித்த முன்னாள் சிப்பாய்களை அம்பேத்கர் தடுத்தார். அவர்கள் கேட்டார்கள்.

டிசம்பரில் நடந்தது இதைவிட முக்கியமானது. 25ஆம் தேதி மனுஸ்மிருதி எரிக்கப்பட்டதை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். அதை அடுத்து நடந்த விவாதத்தை நினைவுகூர்வதில்லை. குளம் தனியாருடையது என்று வழக்குத் தொடுத்தவர்கள் டிசம்பர் 14 அன்று தடையுத்தரவு பெற்றிருந்தார்கள். தடையை மீறி நீர் அள்ள ஏறத்தாழ நான்காயிரம் பேர் பெயர் கொடுத்தார்கள். மாவட்ட ஆட்சியர் வந்து பேசியும் கூட்டம் தளரவில்லை. வழக்கு முடியும் வரை ஒத்திவைப்பதே சரி என்று அம்பேத்கர் கருதினார். ஆனால் ஆணையிடவில்லை. காரணங்களைக் கூட்டத்தின் முன் வைத்து இணங்கச் செய்தார். பிறகு அனைவரும் குளத்தைச் சுற்றி ஊர்வலம் போனார்கள். 1937இல் பம்பாய் உயர் நீதிமன்றம் வரை போய் வழக்கு வென்றது.

இங்கே இரண்டு வகை அதிகாரம் தெரிகிறது. வதன் அமைப்பில் காரணம் சொல்ல வேண்டிய தேவை மேலே இருப்பவருக்கு இல்லை. மகத் பந்தலில் இருந்த தலைவருக்கு அந்தத் தேவை இருந்தது. மறுத்துப் பேசும் உரிமையுள்ள நான்காயிரம் பேர் அவர் எதிரே இருந்தார்கள். அப்படிப்பட்ட கூட்டத்திலிருந்து எழுந்ததால்தான் அவர் தலைமை வலுவானது. தன்னெழுச்சி மட்டும் போதும் என்றும் இதற்குப் பொருளில்லை. அன்று தடையை மீறியிருந்தால் அடக்குமுறையை அந்த ஏழை ஊர்கள்தான் தாங்கியிருக்க வேண்டும். தொலைநோக்கை அவர் தந்தார். அதைச் சோதித்து ஏற்றவர்கள் மக்கள். அரசியலில் பக்தி சர்வாதிகாரத்துக்கே வழிவிடும் என்று 1949 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அவர் எச்சரித்ததற்குப் பின்னால் இந்த அனுபவமும் இருந்திருக்கும் என்றே நாம் கருதுகிறோம்.

மோரே பிறகு பொதுவுடைமை இயக்கத்தில் சேர்ந்து, 1972இல் மறையும் வரை அங்கேயே இருந்தார். அவருடைய வாழ்க்கைக் குறிப்புகள் மராத்தியில் நூலாக வந்தது 2003இல்தான். வேறு கட்சிக்குப் போனவரின் உழைப்பு வரலாற்றிலிருந்து உதிர்ந்துவிடுகிறது. டிசம்பர் மாநாட்டுக்குப் பெண்களும் வந்தார்கள், அம்பேத்கர் அவர்களிடம் தனியாகப் பேசினார். அவர்களில் எத்தனை பேரின் பெயரை நாம் சொல்கிறோம்?

மாணவர்களிடமும் களப்பணித் தோழர்களிடமும் நாம் வைக்கும் வேண்டுகோள் இதுதான். உங்கள் ஊரில் குளத்துக்கோ சுடுகாட்டுப் பாதைக்கோ நடந்த போராட்டத்தை எழுதும்போது, மேடையில் பேசியவரோடு நிறுத்தாதீர்கள். துண்டறிக்கை கொடுத்தவர், சோறாக்கியவர், வழக்குக்குக் காசு திரட்டியவர், கூட்டத்தில் மறுத்துப் பேசியவர் என எல்லோரையும் பெயரோடு எழுதுங்கள். உங்கள் அமைப்பின் அடுத்த கூட்டத்தில் தலைவரின் கருத்தை மறுத்து ஒருவர் பேசினால், அவரை முடிக்கும் வரை பேச விடுங்கள். மகத்தின் நூற்றாண்டு 2027இல் வருகிறது. சிலைக்கு மாலை போடுவதோடு இந்த வேலையையும் அதற்குள் தொடங்கிவிடலாம்.