பாஸ்கியா, ழான்-மிஷேல் (1960–1988)

அமெரிக்க ஓவியர். 1980களின் நவ வெளிப்பாட்டியத்தில் முதன்மையானவர். மன்ஹாட்டன் சுவர்களில் ஸ்பிரே பெயின்ட்டால் வாசகம் எழுதிக்கொண்டிருந்தவர், சில ஆண்டுகளுக்குள், 1982இல், ஜெர்மனியின் காசெல் நகரில் நடந்த ஏழாவது டாக்குமென்டா கண்காட்சியில் இடம்பெற்றார். அப்போது அவருக்கு 21 வயது.

பாஸ்கியா 1960 டிசம்பர் 22 அன்று நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தார். தந்தை ஜெரார் ஹைட்டியிலிருந்து குடியேறியவர். தாய் மட்டில்டே புவேர்ட்டோ ரிக்கோ வழியினர். மகனைச் சிறுவயதிலேயே அருங்காட்சியகங்களுக்கு அழைத்துச் சென்றவர் தாய்தான். ஆறு வயதில் பாஸ்கியா புரூக்ளின் அருங்காட்சியகத்தின் இளம் உறுப்பினர். 1968இல் தெருவில் விளையாடும்போது கார் மோதிக் கை முறிந்தது. மண்ணீரலை அகற்ற வேண்டியதாயிற்று. மருத்துவமனையில் கிடந்த சிறுவனுக்குத் தாய் வாங்கிக் கொடுத்தது, மருத்துவ மாணவர்கள் படிக்கும் ‘கிரேயின் உடற்கூற்றியல்’. பின்னாளில் அவருடைய கித்தான்களில் தோலுரித்துக் காட்டப்படும் எலும்பும் தாடையும், பக்கத்திலேயே எழுதப்படும் உறுப்புகளின் பெயர்களும் இந்த நூலிலிருந்து வந்தவை. 1979இல் நண்பர்களுடன் தொடங்கிய இசைக்குழுவுக்கும் ‘கிரே’ என்றே பெயர் வைத்தார்.

சுவரெழுத்துக் காலம்

சிட்டி-ஆஸ்-ஸ்கூல் என்னும் மாற்றுப் பள்ளியில் பாஸ்கியாவுக்கு அல் டியாஸின் நட்பு கிடைத்தது. டியாஸ் அதற்கு முன்பே சுவரெழுத்தில் பழகிய கை. இருவரும் சேர்ந்து ‘சேமோ’ என்றொரு கற்பனைப் பாத்திரத்தைப் படைத்தார்கள். முதலில் பள்ளி இதழில் தலைகாட்டிய சேமோ, 1978 வாக்கில் சோஹோ, கீழ் மன்ஹாட்டன் பகுதிகளின் சுவர்களுக்கு வந்து சேர்ந்தான்.

அந்தக் காலத்து நியூயார்க் சுவரெழுத்தாளர்கள் சுரங்க ரயில் பெட்டிகளில் தங்கள் பெயரைத்தான் எழுதினார்கள்; எழுத்துகளை உப்ப வைத்து, பின்னிப் பிணைத்து, வண்ணம் நிரப்பினார்கள். சேமோ அப்படிச் செய்யவில்லை. ஒரே நிறத்தில், அலங்காரமற்ற பெரிய எழுத்துகளில், முழு வாக்கியங்களை எழுதினான். மதம், அரசியல், போலித் தத்துவம், பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் கலை ஆர்வம் எல்லாவற்றையும் அவை குத்திக்காட்டின. ஒவ்வொரு வாசகத்திலும் பெயருக்குப் பக்கத்தில் பதிப்புரிமைக் குறி இருக்கும். யாரோ ஒருவரின் சுவரில் எழுதிவிட்டு அதற்கு உரிமையும் கோரும் துணிச்சல் அது. எழுதிய இடங்களும் தற்செயலானவை அல்ல. ஓவியக் காட்சிக்கூடங்களுக்குப் போகிறவர்கள் நடக்கும் வழிகளாகப் பார்த்தே எழுதப்பட்டன. எனவே பாஸ்கியாவைச் சுவரெழுத்தாளர் என்பதைவிடச் சுவரைத் தாளாகக் கொண்ட கவிஞர் என்பதே பொருத்தம்.

1978 டிசம்பரில் ‘வில்லேஜ் வாய்ஸ்’ இதழ் சேமோவின் பின்னால் இருந்தவர்களைப் பற்றி எழுதியது. அதன்பின் நண்பர்களிடையே பிளவு ஏற்பட்டது. சேமோ செத்துவிட்டான் என்ற அறிவிப்பு சோஹோ சுவர்களில் தோன்றியது.

ஓவியங்கள்

பள்ளியை முடிக்காமலே வீட்டை விட்டு வெளியேறியிருந்த பாஸ்கியா, நண்பர்கள் வீடுகளில் தங்கி, கையால் செய்த அஞ்சலட்டைகளை விற்றுப் பிழைத்தார். புகழ்பெற்ற ஓவியர் ஆண்டி வார்ஹோலிடம் ஓர் உணவகத்தில் அட்டை விற்றதும் அந்நாட்களில்தான். 1980 ஜூனில் டைம்ஸ் சதுக்கக் கண்காட்சி, 1981இல் பி.எஸ். 1 கலை மையத்தின் கண்காட்சி, அதே ஆண்டில் இத்தாலியின் மோடெனாவில் முதல் தனிக் கண்காட்சி என வளர்ச்சி வேகமாக இருந்தது. பின்னர் அன்னினா நோசேயின் காட்சிக்கூடத்து நிலவறையில் வரைந்தார்.

கித்தான் மட்டுமல்ல, கதவு, ஜன்னல் சட்டம், குளிர்பெட்டி என எதிலும் வரைந்தார். அக்ரிலிக் பூச்சின் மேல் எண்ணெய் வண்ணக் குச்சியால் எழுதுவார். எழுதியதை அடித்து விடுவார். அடித்த சொல்லைத்தான் கண் தேடிப் படிக்கும் என்பது அவர் கணக்கு. ‘ஹாலிவுட் ஆப்பிரிக்கர்கள்’ (1983) ஓவியத்தில் மஞ்சள் பின்னணியில் தம்முடைய முகத்தையும் நண்பர்கள் டாக்ஸிக், ராமெல்ஸீ ஆகியோரின் முகங்களையும் வைத்து, சுற்றிலும் கரும்பு, புகையிலை முதலிய சொற்களை இறைத்திருக்கிறார். கறுப்பர்களுக்குத் திரைப்படம் ஒதுக்கிய வேடங்களும், அடிமை உழைப்பு விளைவித்த பயிர்களும் ஒரே பரப்பில் வந்து நிற்கின்றன. ஜாஸ் மேதை சார்லி பார்க்கரையும் கறுப்பினக் குத்துச்சண்டை வீரர்களையும் திரும்பத் திரும்ப வரைந்து, மூன்று முனைக் கிரீடம் சூட்டினார்.

1983 செப்டம்பரில் சுரங்க ரயில் நிலையத்தில் எழுதியதாகக் கைதான கறுப்பின இளைஞர் மைக்கேல் ஸ்டூவர்ட், காவலர்கள் பிடியில் நினைவிழந்து மாண்டார். ஓவியர் கீத் ஹேரிங்கின் ஓவியக்கூடச் சுவரில் பாஸ்கியா அந்தக் காட்சியை வரைந்தார்: இரண்டு காவலர்கள் தடியுடன், நடுவே ஒரு கறுப்பு உருவம். ஹேரிங் பின்னர் அந்தச் சுவர்ப் பகுதியை வெட்டியெடுத்து வைத்துக்கொண்டார். வழக்கில் காவலர்கள் விடுதலை செய்யப்பட்டனர்.

வார்ஹோலுடன் சேர்ந்து வரைந்தவை 1985இல் காட்சிக்கு வந்தபோது விமர்சகர்கள் இகழ்ந்தனர். அந்த மதிப்பீடு அநியாயமானது. நெடுங்காலமாகக் கையால் வரைவதை விட்டிருந்த வார்ஹோல், மறுபடி தூரிகை எடுத்தது இந்தக் கூட்டில்தான். 1987 பிப்ரவரியில் வார்ஹோல் இறந்தார். 1988 ஆகஸ்ட் 12 அன்று, கிரேட் ஜோன்ஸ் தெருவில் தாம் குடியிருந்த இடத்தில், ஹெராயின் மிகையால் பாஸ்கியா இறந்தார். வயது 27. உடல் புரூக்ளினின் கிரீன்-வுட் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது.

1992இல் விட்னி அருங்காட்சியகம் அவருடைய படைப்புகளைத் தொகுத்துக் காட்டியது. ஜூலியன் ஷ்னாபெல் 1996இல் அவரைப் பற்றித் திரைப்படம் எடுத்தார். 1982இல் வரைந்த மண்டையோட்டு ஓவியம் ஒன்று 2017இல் சோத்பிஸ் ஏலத்தில் 11 கோடியே 5 லட்சம் டாலருக்கு விலைபோனது.