நாரை அறிந்த வழி

சத்திமுத்தப் புலவரை நீங்கள் அறிவீர்கள். மதுரையில் குளிருக்குப் போர்வையின்றி ஒடுங்கிக் கிடந்தவர், வானில் சென்ற செங்கால் நாரையைத் தம் மனைவியிடம் தூது விடுத்தார். அப்பாட்டைப் படிக்குந்தோறும் அவருடைய வறுமைக்கு அப்பால் இன்னொன்றும் என் மனத்தைத் தொடும். நாரை குமரிவரை சென்று வடதிசை மீளும் என்பதை அப்புலவர் அறிந்திருந்தார். வலசை பற்றிய அறிவு அன்றே நம் கவிதைக்குள் வந்துவிட்டது.

அந்த வான்வழியின் தென்கோடிகளுள் ஒன்று எங்கள் மன்னார். மாரி மழையோடு ஊசிவால் வாத்துகள் வந்திறங்கும். திருக்கேதீச்சரத்துக்கு அண்மையில், தீவுக்குச் செல்லும் தாம்போதியருகே, வங்காலை உவர்நிலத்தில் பூநாரைகள் சேற்றை அலசி நிற்கும். மழைநீரும் கடல்நீரும் கலக்கும் அந்த ஆழமற்ற பரப்பே அவற்றின் அன்னசத்திரம். 2021 இல் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர் இங்கே கருவி பொருத்திய கடற்காகம் ஒன்று, ரஷ்யாவின் வடதுருவக் கரையிலுள்ள யமால் தீபகற்பம்வரை சென்று மன்னாருக்கே மீண்டது.

மனிதர் வகுத்த வழிகளோ நிலைக்கவில்லை. 1914 இல் தொடங்கிய தலைமன்னார் - தனுஷ்கோடிக் கப்பல் வழியை 1964 டிசம்பர்ச் சூறாவளி அழித்தது. 1990 இல் போரினால் தலைமன்னார் ரயிலும் நின்றது; 2015 இல்தான் மீண்டது. எங்கள் சனம் வள்ளமேறி அகதிகளாய்க் கடல் கடந்த ஆண்டுகளிலும் வான்வழி மட்டும் அறுபடவில்லை.

வங்காலை 2008 இல் சரணாலயமாயிற்று; 2010 இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 2020 இல் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளுடன் தம்பபவனி எழுந்தது. மன்னாரிலும் பூநகரியிலும் மேலும் 484 மெகாவாட் திட்டமிட்ட அதானி நிறுவனம், வழக்குகளுக்கும் விலைச் சர்ச்சைக்கும் இடையே 2025 இல் விலகிக்கொண்டது.

மின்சாரம் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. விளக்கின்றி இருந்த ஊர்கள் எங்களுடையவை. ஆனால் சுழலும் அலகும் மின்கம்பியும் பறவைக்கு ஆபத்து. காற்றாலையை வேறொரு கரையில் நாட்டலாம். வங்காலைச் சேற்றை வேறிடத்தில் உண்டாக்க முடியாது. எங்கே நாட்டுவது என்று முடிவுசெய்வோர், நாரையின் வழியையும் ஒருமுறை கேட்டறிதல் வேண்டும். ஒரு புலவர் நிமிர்ந்து பார்த்தே அறிந்த வழிதான் அது.