130 டாலருக்கு கைமாறிய சூப்பர்மேன்: யார் இந்த ஜோ ஷஸ்டர்?

சூப்பர்மேனைத் தெரியாதவங்க ரொம்பக் குறைவு. ஆனா, அவரை முதன்முதலில் வரைந்த ஜோ ஷஸ்டரை எத்தனை பேருக்குத் தெரியும்?

எங்கே பிறந்தார்?

1914-ல் கனடாவின் டொராண்டோவில், ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா தையல்காரர். வீட்டில் வறுமை, கிடைத்த பழைய காகிதத்தில் எல்லாம் வரைந்து பழகினார். 'டொராண்டோ ஸ்டார்' பேப்பரும் விற்றார். ஹீரோ கிளார்க் கென்ட் முதலில் வேலை பார்த்த பத்திரிகைக்கு 'டெய்லி ஸ்டார்' என்று பெயர் வந்தது அதனால்தான்.

சூப்பர்மேன் எப்படி உருவானார்?

ஷஸ்டருக்கு சுமார் 10 வயதானபோது குடும்பம் அமெரிக்காவின் கிளீவ்லேண்டுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே பள்ளியில் கிடைத்த நண்பர் ஜெர்ரி சீகல். கதை சீகல், படம் ஷஸ்டர். பலரும் வேண்டாம்னு சொன்ன சூப்பர்மேன், 1938-ல் 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் வெளியாகி ஹிட் ஆனார்.

சிக்கல் என்ன?

கதாபாத்திரத்தின் மொத்த உரிமையையும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்திருந்தாங்க. அதை இருவரும் பங்கு போட்டுக்கணும்! 1947-ல் கோர்ட்டுக்குப் போயும் உரிமை திரும்பவில்லை. காமிக்ஸிலிருந்து அவர்கள் பெயரும் நீக்கப்பட்டது. ஷஸ்டரின் பார்வையும் மங்கியது.

கடைசியில் என்ன ஆச்சு?

சூப்பர்மேன் சினிமா தயாராகும் நேரத்தில் சீகல் பத்திரிகைகளிடம் முறையிட்டார். 1975-ல் வார்னர் நிறுவனம் ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் தர ஒப்புக்கொண்டது. பெயர்களும் திரும்ப வந்தன. ஷஸ்டர் 1992-ல் காலமானார்.

அந்த 130 டாலரும் சேர்த்துக் கொடுக்கப்பட்ட காசோலை, 2012-ல் 1.6 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.