எண்டூரோ தடத்தின் கடினம்

எண்டூரோ என்பது காடு, மலை, ஓடை, சேறு என்று கிடைத்த நிலத்திலேயே பல மணி நேரம் ஓட்டும் மோட்டார் சைக்கிள் போட்டி. மோட்டோகிராஸில் எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்பி ஒரே மண் தடத்தைச் சுற்றுவார்கள். எண்டூரோவின் பழைய வடிவத்தில் நிமிடத்துக்குச் சிலராகக் கிளம்பிக் கடிகாரத்தோடு மோதுவார்கள். 1913இல் இங்கிலாந்தின் கார்லைல் நகரில் தொடங்கி, 1981 முதல் 'இன்டர்நேஷனல் சிக்ஸ் டேஸ் எண்டூரோ' என்று வழங்கும் ஆறு நாள் போட்டி இந்த வகையில் மிக மூத்தது. உள்ளூர்ப் போட்டிகளில் ஓட்டுபவர்களோ பெரும்பாலும் வார நாட்களில் வேறு வேலை பார்க்கும் அமெச்சூர்கள். அவர்களுக்கான தடம் எவ்வளவு கடினமாக இருக்கலாம் என்று பேசும்போது ஏற்றத்தின் சரிவு, பாறையின் அளவு, வேர்களின் நெருக்கம் என நிலத்தை மட்டுமே அளக்கிறார்கள். அந்த அளவை பாதிக் கணக்குத்தான். எத்தனை பேர், எந்த வரிசையில், எந்த மழைக்குப் பிறகு, எவ்வளவு நேரத்துக்குள் ஓட்டுகிறார்கள் என்பதில் மீதிப் பாதி இருக்கிறது. அதனால் அமெச்சூர் போட்டியில் கடினத்தைத் தடைகளில் குவிக்காமல் நேரக் கணக்கில் வைப்பதே முறை.

காட்டுக்குள் ஒரு களிமண் ஏற்றத்தை எடுத்துக்கொள்வோம். முதல் பத்து பைக்குகள் புல் பிடித்த மேல்மண்ணில் டயர் பதித்து ஏறிவிடும். பின்சக்கரங்கள் அந்த மண்ணைச் சீவி எறிந்தபின் அடியில் இருந்த வழுக்கும் களியும் வேர்களும் வெளியே வரும். நடுவில் ஒரு பள்ளக்கோடு விழும். ஐம்பதாவதாக வருபவருக்கு வாய்ப்பது முதல் ஆள் ஏறிய ஏற்றம் இல்லை. போட்டிகளில் வேகமானவர்களை முன்னால் அனுப்புவது வழக்கம் என்பதால், தடத்தின் மிக மோசமான நிலை மிகக் குறைந்த அனுபவம் உள்ளவருக்கே வந்து சேர்கிறது. அவர் பாதி ஏற்றத்தில் இன்ஜின் அணைந்து விழுந்தால், நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள பைக் ஒற்றையடிப் பாதையில் குறுக்கே கிடக்கும். பின்னால் வருபவர் ஓட்டத்தின் வேகத்தை இழந்து, நின்ற இடத்திலிருந்தே ஏறப் பார்ப்பார். பாதி கிளட்ச் பிடித்தே முறுக்குவதால் கிளட்ச் தட்டுகள் சூடேறும். காற்றோட்டம் இல்லாமல் ரேடியேட்டர் கொதிக்கும். கால் மணி நேரத்தில் அங்கே ஒரு வரிசை நின்றுவிடும். முந்தின நாள் தடம் போட்டவர் தனியாக ஏறிப் பார்த்து 'நடுத்தரம்' என்று குறித்திருப்பார். ஈரமில்லாத மண்ணில், முன்னால் யாரும் இல்லாமல் அவர் ஏறியதால் அது அவருக்கு உண்மையாகவே நடுத்தரம்தான்.

நேரத்தில் கடினத்தை வைப்பது புதிய யோசனை இல்லை. அமெரிக்காவின் பழைய நேரக்கணக்கு எண்டூரோவில் மணிக்கு 24 மைல் என்பது பழக்கமான சராசரி வேகம். சோதனைச் சாவடிக்குப் பிந்தும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு புள்ளி தண்டம். முந்தி வந்தால் தண்டம் அதைவிடக் கூடுதல். ஒரு மணி நேரம் பிந்திவிட்டால் ஆட்டம் முடிந்தது. கேட்க எளிதாகத் தோன்றும் அந்த வேகத்தை மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் பாதையில் நல்ல ஓட்டுநராலும் காப்பாற்ற முடியாது. தடம் யாரையும் நிறுத்தவில்லை, ஆனால் எல்லாரையும் தரம் பிரித்துவிடுகிறது. ஆறு நாள் போட்டியின் பதக்க முறையும் இதே தர்க்கம்தான்: வகுப்பின் முதல்வருடைய நேரத்திலிருந்து 10 சதவீதத்துக்குள் முடித்தால் தங்கம், அதற்கு அடுத்த எல்லைக்குள் முடித்தால் வெள்ளி, முடித்தாலே வெண்கலம்.

இதற்கு முதல் மறுப்பு எர்ட்ஸ்பெர்க். ஆஸ்திரியாவில் ஐசனெர்ட்ஸ் ஊரின் இரும்புச் சுரங்கத்தில் 1995 முதல் நடக்கும் அந்தப் போட்டியின் முன்சுற்றுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வந்து, தேறிய 500 பேர் நான்கு மணி நேர இறுதிப் போட்டியில் இறங்குகிறார்கள். முடிப்பவர்கள் மிகச் சிலர். முடிக்கவே முடியாது என்று தெரிந்தும் அமெச்சூர்கள் முண்டியடித்து வருகிறார்களே, கடினம்தானே ஈர்ப்பு என்பது வாதம். ஈர்ப்பு உண்மை. ஆனால் அங்கே வருபவர் எதை வாங்குகிறோம் என்று அறிந்தே வாங்குகிறார். இத்தனையாவது சாவடி வரை எட்டினேன் என்பதே அவருக்கு முடிவு. உள்ளூர்ப் போட்டிக்குப் பெயர் கொடுத்தவரிடம் அந்த ஒப்பந்தம் இல்லை. தடையைக் கூட்டிக்கொண்டே போவதற்கு எல்லை எங்கே என்பதையும் எர்ட்ஸ்பெர்க்கே காட்டியது. 2015இல் 'டவுன்டவுன்' என்ற புதிய பகுதியில் கிரகாம் ஜார்விஸ், ஜானி வாக்கர், ஆல்ஃபிரெடோ கோமெஸ், ஆந்திரேயாஸ் லெட்டன்பிக்லர் என உலகின் முன்னணி வீரர்கள் நால்வரும் சிக்கி, ஒருவர் பைக்கை ஒருவர் இழுத்துவிட்டு, கடைசியில் கூட்டு வெற்றியாளர்களாக அறிவிக்கப்பட்டார்கள். பார்க்க அழகான காட்சிதான். ஆனால் முதல் இடம் யாருக்கு என்பதைத்தான் அந்தத் தடத்தால் சொல்ல முடியவில்லை. ருமேனியாவின் சிபியு நகரை மையமாகக் கொண்டு 2004இல் தொடங்கிய ரோமேனியாக்ஸ் போட்டி வேறு வழி கண்டது: தங்கம், வெள்ளி, வெண்கலம், இரும்பு என்று வகுப்புக்கு வகுப்பு வழியே வேறு.

சிறிய மன்றங்களுக்கு அவ்வளவு நிலமும் ஆளும் ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, ஆனால் நான்கு தடம் தேவையில்லை. பொதுத் தடம் ஒன்றே போதும். செங்குத்தான ஏற்றம் வரும் இடத்தில் மட்டும் சுற்றுப்பாதை ஒன்றை வெட்டிவிட்டால் வரிசை நிற்காது. சுற்றுப்பாதை நீளமாக இருந்தாலே இழக்கும் நேரம் தண்டமாகிவிடும்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. நேரம்தான் கடினம் என்றால் வேகம் கூடும்; பாறைக்குவியலில் விழுபவர் நடைவேகத்தில் விழுகிறார், திறந்த புல்வெளியில் விழுபவரோ முழு வேகத்தில். இதைத் தட்டிக்கழிக்க முடியாது. திறந்தவெளியில் நேரம் அளப்பது ஆபத்துதான். அதனால் அளக்கும் பகுதிகளை நெருக்கமான மரக்காட்டில் வைத்து, அகலமான வண்டிப்பாதைகளை நேரம் எண்ணாத இணைப்பு வழிகளாக விடவேண்டும். காடே வேகத்தை அடக்கிக்கொள்ளும். இரவு மழை பெய்தால் மட்டும் இந்தக் கணக்கும் உடையும். அப்போது காலையில் தடத்தை ஒருமுறை ஓட்டிப் பார்த்து, களிமண் ஏற்றத்தை நாடா கட்டி மூடுவதைத் தவிர வேறு வழியில்லை.