பார்க்கின்சன் நோய்: மாத்திரையின் அளவையும் நேரத்தையும் தீர்மானிக்க உதவும் மணிக்கட்டு சென்சார்

நடுக்கம், தசை விறைப்பு, அசைவுகளில் மந்தம் ஆகியவற்றை முக்கிய அறிகுறிகளாகக் கொண்ட பார்க்கின்சன் நோய்க்கான சிகிச்சையில், உடலில் அணியும் அசைவு சென்சார்களின் பயன்பாடு சில நாடுகளில் அதிகரித்து வருகிறது. நோயாளி வீட்டில் இருக்கும்போது அவரது அசைவுகளை இரவும் பகலும் பதிவு செய்யும் இந்தக் கருவிகள், எந்த மாத்திரையை எப்போது, எவ்வளவு கொடுப்பது என்று மருத்துவர் முடிவெடுக்க உதவுகின்றன.

உலக சுகாதார அமைப்பின் 2019-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, உலகம் முழுவதும் 85 லட்சத்துக்கும் அதிகமானோர் இந்நோயுடன் வாழ்கின்றனர்.

மருந்தின் ஏற்ற இறக்கம்

மூளையில் டோபமைன் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் படிப்படியாக அழிவதால் பார்க்கின்சன் நோய் ஏற்படுகிறது. இந்தக் குறையை ஈடுசெய்யும் லெவோடோபா, 1960-களில் அறிமுகமானது முதல் இன்று வரை முதன்மை மருந்தாக உள்ளது.

தொடக்க ஆண்டுகளில் இம்மருந்து நாள் முழுவதும் சீராகப் பலன் தருகிறது. நோய் முற்றும்போது ஒவ்வொரு மாத்திரையின் பலனும் நீடிக்கும் நேரம் குறைகிறது. அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே உடல் மீண்டும் மந்தமாகி, நடுக்கம் திரும்புகிறது. மருத்துவர்கள் இதை ‘ஆஃப்’ நிலை என்கின்றனர். மறுபுறம், மருந்தின் அளவு ரத்தத்தில் உச்சத்தை எட்டும்போது கை, கால், கழுத்து ஆகியவை கட்டுப்பாடின்றி நெளியும் ‘டிஸ்கைனீசியா’ என்ற பாதிப்பு சிலருக்கு உண்டாகிறது.

சிக்கல் இங்குதான் எழுகிறது. இவ்விரண்டையும் குடும்பத்தினர் ‘உடம்பு ஆடுகிறது’ என்றே மருத்துவரிடம் கூற வாய்ப்புள்ளது. முதலாவது, மருந்து போதாததால் வருவது. இரண்டாவது, மருந்து மிகுந்ததால் வருவது. இரண்டுக்குமான சிகிச்சை ஒன்றுக்கொன்று எதிரானது என்பதால், தவறாகக் கணித்தால் நோயாளியின் நிலை மேலும் மோசமாகும்.

சில நிமிடப் பரிசோதனை போதுமா?

நோயின் தீவிரத்தை அளக்க, ஒவ்வோர் அறிகுறிக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் வழங்கும் அளவுகோலை நரம்பியல் மருத்துவர்கள் பயன்படுத்துகின்றனர். அது நம்பகமானது என்றாலும், பரிசோதனை நடக்கும் அந்தச் சில நிமிடங்களின் நிலையை மட்டுமே காட்டும். மாத்திரை உட்கொண்டு ஒரு மணி நேரத்தில் மருத்துவரைச் சந்திப்பவர் நன்றாக நடந்து காட்டலாம். அதே நபர் அன்று மாலை நாற்காலியிலிருந்து எழ இயலாமல் தவிப்பது மருத்துவரின் பார்வைக்கு வராது.

அரை மணி நேரத்துக்கு ஒருமுறை தமது நிலையை நோயாளியே நாட்குறிப்பில் எழுதும் முறையும் உண்டு. எனினும் கை நடுக்கம், மறதி, சோர்வு ஆகியவற்றால் பலரால் அதைத் தொடர முடிவதில்லை.

கருவி செயல்படும் விதம்

கைப்பேசித் திரையைத் திருப்பும்போது அதை உணரும் நுண்ணிய முடுக்கமானியே இக்கருவிகளிலும் உள்ளது. அது மூன்று திசைகளிலும் அசைவின் வேக மாற்றத்தை அளக்கிறது. சில கருவிகளில் சுழற்சியை அளக்கும் கைரோஸ்கோப்பும் உண்டு.

பார்க்கின்சன் நோயில் ஓய்வு நிலையில் தோன்றும் நடுக்கம் பெரும்பாலும் வினாடிக்கு 4 முதல் 6 முறை என்ற சீரான தாளத்தில் அமைகிறது. மந்தநிலையில் அசைவுகளின் விசை குறைந்து, அவற்றுக்கிடையேயான இடைவெளி நீள்கிறது. டிஸ்கைனீசியாவில் அசைவுகள் இடைவெளியின்றித் தொடர்கின்றன. இந்த வேறுபாடுகளைக் கணினி நிரல் பிரித்தறிகிறது.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் உள்ள ஃபுளோரி ஆய்வு நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கிய ‘பிகேஜி’ இவற்றில் குறிப்பிடத்தக்கது. மணிக்கட்டில் சுமார் ஒரு வாரம் அணியப்படும் இக்கருவி, 2 நிமிடங்களுக்கு ஒருமுறை மந்தநிலைக்கும் டிஸ்கைனீசியாவுக்கும் தனித்தனியே மதிப்பெண் கணக்கிடுகிறது. மாத்திரை வேளையில் அதிர்ந்து நினைவூட்டுவதுடன், மாத்திரை உட்கொண்டதாக நோயாளி தெரிவிக்கும் நேரத்தையும் பதிவு செய்கிறது.

வரைபடம் சொல்வது என்ன?

உதாரணமாக, காலை 8 மணி, நண்பகல் 12 மணி, மாலை 4 மணி என மூன்று வேளை மருந்து உட்கொள்ளும் ஒருவரின் வரைபடத்தில், ஒவ்வொரு வேளைக்கும் ஒரு மணி நேரம் முன்பாக மந்தநிலை உயர்ந்தால், மருந்தின் பலன் முன்கூட்டியே தீர்ந்துவிடுகிறது என்று பொருள். மருத்துவர் இடைவெளியைக் குறைக்கலாம். மாறாக, மாத்திரை உட்கொண்ட ஒரு மணி நேரத்தில் மிகை அசைவு தோன்றினால், ஒரு வேளைக்கான அளவைக் குறைப்பது பற்றிப் பரிசீலிக்கலாம். மாத்திரை தாமதமானதோ தவறியதோ காரணம் எனில், மருந்தை மாற்றாமல் பழக்கத்தைச் சீர்செய்தாலே போதும். புரதம் மிகுந்த உணவு லெவோடோபா உறிஞ்சப்படுவதைத் தடுக்கக்கூடும் என்பதால், உணவு நேரமும் உடன் ஆராயப்படுகிறது.

அங்கீகாரம்

பிகேஜி கருவிக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2014-இல் அனுமதி அளித்தது. ஆப்பிள் வாட்ச் தரவைப் பயன்படுத்தும் ‘ஸ்டிரைவ்பிடி’ செயலிக்கு 2022-இல் அனுமதி கிடைத்தது. பிகேஜி, இடுப்பில் அணியப்படும் ‘ஸ்டாட்-ஆன்’ உள்ளிட்ட 5 கருவிகளைப் பயன்படுத்த பிரிட்டனின் தேசிய சுகாதார மற்றும் பராமரிப்பு மேன்மை நிறுவனம் 2023 ஜனவரியில் பரிந்துரைத்தது. எனினும், அவற்றின் பலன் குறித்து மேலும் ஆதாரம் திரட்ட வேண்டும் என்றும் நிபந்தனை விதித்தது.

வரம்புகள்

பல் துலக்குவது, காய்கறி நறுக்குவது போன்ற சீரான அசைவுகள் கணக்கீட்டைக் குழப்பக்கூடும். மணிக்கட்டில் உள்ள கருவி, நடக்கும்போது கால்கள் தரையோடு ஒட்டியதுபோல் உறைந்து நிற்பதை எளிதில் அறியாது. வலி, மனச்சோர்வு, மலச்சிக்கல், தூக்கமின்மை ஆகியவை நோயாளியைப் பெரிதும் வாட்டினாலும் அசைவு வரைபடத்தில் நேரடியாகத் தெரிவதில்லை. லேசான மிகை அசைவைப் பொறுத்துக்கொண்டு நடமாடவே விரும்பும் நோயாளிகளும் உள்ளனர். ஆகவே, வரைபடம் நோயாளியின் சொற்களோடு சேர்த்தே படிக்கப்பட வேண்டும்.

கருவியோ செயலியோ காட்டும் எண்களைக் கொண்டு நோயாளிகள் தாமாகவே மருந்தளவை மாற்றக் கூடாது. லெவோடோபாவைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

கருவி இல்லாதவர்கள் செய்யக்கூடியது

இந்தியாவில் அசைவுக் கோளாறுகளுக்கான சிறப்பு மருத்துவர்கள் பெரும்பாலும் பெருநகரங்களிலேயே உள்ளனர். தொலைதூர நோயாளியின் ஒரு வாரப் பதிவை மருத்துவர் இருந்த இடத்திலிருந்தே பார்க்க முடிந்தால், அலைச்சல் குறையும். ஆனால் கருவிகளின் விலை அனைவருக்கும் எட்டக்கூடியதாக இல்லை.

கருவி இல்லாதவர்கள், மருத்துவரைச் சந்திப்பதற்கு முந்தைய இரண்டு அல்லது மூன்று நாட்கள் மாத்திரை நேரம், உணவு நேரம், உடல் மந்தமான நேரம், ஆட்டம் தோன்றிய நேரம் ஆகியவற்றைக் குடும்பத்தினர் உதவியுடன் குறித்து வரலாம். ‘உடம்பு ஆடும்’ வேளையில் கைப்பேசியில் ஒரு நிமிடக் காணொலி எடுத்து, மாத்திரை உட்கொண்டு எவ்வளவு நேரத்துக்குப் பின் எடுக்கப்பட்டது என்பதையும் தெரிவித்தால், அது நடுக்கமா, மிகை அசைவா என்பதை மருத்துவர் பிரித்தறிய அது உதவும்.