அஞ்சு டாலர் கருவியும் அஞ்சு சென்ட் கூலியும்

போன நவம்பர்ல ஒரு சனிக்கிழமை. பால் வாங்கப் போனவன் வழியில கராஜ் சேல் போர்டைப் பார்த்துட்டு வண்டியை நிறுத்தினேன். (வீட்டம்மாவுக்கு இது தெரியும். பால் வர லேட்டானா எங்கேயோ பழைய இரும்பு வாங்கறேன்னு அர்த்தம்.) ஒரு மேஜை மேல துருப்பிடிச்ச கருவி ஒண்ணு இருந்தது. மரப்பலகையில திருகி வெச்ச வார்ப்பிரும்பு, பக்கவாட்டுல ஒரு கைப்பிடி, நடுவுல ஒண்ணை ஒண்ணு பார்த்தபடி ரெண்டு சின்ன இரும்புக் குழி. பாக்குவெட்டிக்குச் சித்தப்பா மாதிரி தோற்றம்.

"இது என்ன?"ன்னு கேட்டேன். வித்துக்கிட்டிருந்த பெரியவர் பதிலே சொல்லலை. சட்டைப் பையில இருந்து ஒரு பெக்கான் கொட்டையை எடுத்தார், ரெண்டு குழிக்கும் நடுவுல படுக்க வெச்சார், கைப்பிடியை லேசா அழுத்தினார். டப். ஓடு நீளவாக்குல பிளந்து விழுந்தது. உள்ளே பருப்பு ரெண்டு பாதியும் அலுங்காம, குலுங்காம அப்படியே இருந்தது. அஞ்சு டாலர் கொடுத்துட்டு வாங்கிட்டு வந்தேன். பாலை மறந்துட்டேன் :-)

நாங்க இருக்கறது டெக்சஸ். கொல்லையில பெரிய பெக்கான் மரம் ஒண்ணு உண்டு. ஒரு வருஷம் கொட்டோ கொட்டுன்னு கொட்டும், மறு வருஷம் அணிலுக்கே பத்தாது. இதுக்கு முன்னாடி சுத்தியல், இடுக்கி, ஊர்ல இருந்து சுமந்து வந்த குட்டி அம்மிக்குழவி எல்லாத்தையும் அந்தக் கொட்டை மேல பிரயோகிச்சிருக்கேன். கிடைச்சது என்னவோ ஓடும் பருப்பும் கலந்த பொடிதான்.

கருவி எப்படி வேலை செய்யுது?

பெக்கான் முட்டை மாதிரி நீண்ட கொட்டை. ஓட்டுக்குள்ள பருப்பு ரெண்டு பாதியா, மடிப்பு மடிப்பா உட்கார்ந்திருக்கும். நடுவுல துவர்க்கிற ஒரு சவ்வு. வயித்துப் பக்கமா அமுக்கினா ஓடு உள்பக்கமா உடைஞ்சு பருப்பைக் குத்திடும். நான் இத்தனை நாள் பண்ணின தப்பு அதுதான். தலையையும் வாலையும் பிடிச்சு நெருக்கினா கதையே வேற. நடுப்பகுதி வெளியே பிதுங்கி நீளவாக்குல விரிசல் விடும். பருப்புக்கும் ஓட்டு முனைக்கும் நடுவுல கொஞ்சூண்டு இடைவெளி இருக்கறதால பருப்பு தப்பிச்சுடும்.

அப்போ கருவி செய்ய வேண்டியது ரெண்டே வேலை. கொட்டையை நேராப் பிடிக்கணும், அதுக்குத்தான் குழிகள். அளவோட நகரணும், அதுக்குத்தான் நெம்புகோல். நம்ம தச்சர் கணக்குல சொன்னா ரெண்டு நூல் நகர்ந்தாலே ஓடு போயிடும், அதுக்கு மேல நகர்ந்தா பருப்பும் போயிடும். கொட்டைக்குக் கொட்டை நீளம் மாறுமே? அதுக்காக ஒரு பக்கக் குழியைத் திருகி முன்னே பின்னே நகர்த்தலாம்.

இதுலயே இன்னொரு ஜாதி உண்டு. ரப்பர் பட்டையை இழுத்து விட்டா ஒரு இரும்புத் துண்டு பாய்ஞ்சு வந்து கொட்டையின் முனையில மோதும். நெருக்கறதுக்குப் பதிலா ஒரே அடி. உண்டிகோலைக் கொட்டை உடைக்கப் பழக்கின மாதிரின்னு வெச்சுக்கோங்க. அதுக்கும் இங்கே ரசிகர் கூட்டம் இருக்கு.

பெரியவர் கிளம்பும்போது ஒரு ரகசியமும் சொன்னார். உடைக்கறதுக்கு முன்னாடி கொட்டையை வெந்நீர்ல ஊற வெச்சு எடுத்துட்டா பருப்பு கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கும், நொறுங்காது. பெரிய ஆலைகளிலும் இதே தந்திரம்தான்.

கல்லில் ஆரம்பிச்ச கதை

பெக்கான் என்கிற பேரே அல்கோன்கியன் மொழிக் குடும்பத்துல இருந்து வந்தது. உடைக்கக் கல் தேவைப்படும் கொட்டைன்னு அர்த்தம் சொல்றாங்க. அதாவது பேருக்குள்ளேயே கருவி இருக்கு! இந்த மரம் வட அமெரிக்காவின் சொந்தப் பிள்ளை. மிசிசிப்பி ஆத்துப் படுகை, டெக்சஸ், வடக்கு மெக்சிகோ எல்லாம் அதோட பிறந்த வீடு.

1528ல டெக்சஸ் கடற்கரையில ஒதுங்கின ஸ்பானியர் கபேசா தெ வாகா, இங்கே பழங்குடிகளோட பல வருஷம் அலைஞ்சு திரிஞ்சவர். 1542ல வந்த அவரோட புத்தகத்துல ஆத்தங்கரைக் கொட்டைகளைப் பத்தி எழுதியிருக்கார். சீசன்ல ரெண்டு மாசம் அந்த ஜனங்களுக்கு அதுதான் சாப்பாடு. மரம் ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம்தான் காய்க்கும் என்பதையும் கவனிச்சு எழுதியிருக்கார். என் கொல்லை மரத்துமேல இருந்த கோவம் இதைப் படிச்சதும் போயிடுச்சு. அது பரம்பரை வழக்கம், பாவம்.

காட்டு மரத்துக் கொட்டை ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது. ஓடும் தடிமன். விதை போட்டா தாய் மாதிரி பிள்ளை பிறக்காது. ஒட்டுக் கட்டினாத்தான் குணம் மாறாம வரும். அதை முதல்ல சாதிச்சுக் காட்டினது லூசியானாவில் ஓக் ஆலி தோட்டத்து அடிமைத் தோட்டக்காரர் ஒருத்தர். பேர் அன்த்வான். அவ்வளவுதான், குடும்பப் பேர் கூடப் பதிவாகலை. 1846-47 குளிர்காலத்துல அவர் ஒட்டுக் கட்டின மரங்களோட கொட்டை 1876ல பிலடெல்பியா நூற்றாண்டுக் கண்காட்சிக்குப் போய்ப் பரிசு வாங்குச்சு. கண்காட்சியின் ஞாபகமா அந்த ரகத்துக்கு 'சென்டெனியல்'னு பேர் வெச்சாங்க. செஞ்சவர் பேரை வைக்கணும்னு யாருக்கும் தோணலை. இன்னிக்குக் கடையில கிடைக்கிற மெல்லிய ஓட்டுப் பெக்கானுக்கெல்லாம் பிள்ளையார் சுழி போட்டது அந்தக் கைதான்.

டெக்சஸ்காரங்களுக்கு இந்த மரத்துமேல பைத்தியம். ஜேம்ஸ் ஹாக்னு ஒரு முன்னாள் கவர்னர், 1906ல இறந்தவர். எனக்குக் கல்லறைச் சிலை எல்லாம் வேண்டாம், தலைமாட்டுல ஒரு பெக்கான் மரமும் கால்மாட்டுல ஒரு வால்நட் மரமும் வைங்க, காய்க்கிற கொட்டையைச் சாதாரண ஜனங்களுக்கு நடக் கொடுங்கன்னு கேட்டுக்கிட்டார். 1919ல பெக்கான் மாநில மரமாச்சு. என் கருவி மாதிரி வீட்டு உபயோகக் கருவிகள் நிறைய வந்ததும் கிட்டத்தட்ட அதே காலம்தான். வேகோ நகரத்துல ஒரு கம்பெனி 'பெர்ஃபெக்‌ஷன்'னு ஒண்ணை 1914 காப்புரிமையோட வித்திருக்கு.

இது வரைக்கும் கதை இனிப்பா இருக்கு இல்லையா? நானும் இதோட பதிவை முடிச்சிருப்பேன். ஆனா கருவியோட வரலாற்றைத் தேடிப் போனா ஒவ்வொரு தடவையும் சான் அன்டோனியோன்னு ஒரு ஊர்ல கொண்டு போய் விட்டுது.

இயந்திரத்தை விட மலிவான கை

1930களில் அமெரிக்கப் பெக்கான்ல ஏறக்குறைய பாதி டெக்சஸ்ல விளைஞ்சது. அதை உடைச்சுப் பருப்பெடுக்கிற தொழிலுக்குத் தலைநகரம் சான் அன்டோனியோ. அங்கே 1926ல ஜூலியஸ் செலிக்மன் என்பவர் சதர்ன் பெக்கான் ஷெல்லிங் கம்பெனியைத் தொடங்கறார். மத்த ஊர்களில் இயந்திரம் வந்துக்கிட்டிருந்த நேரத்துல இவர் தலைகீழா யோசிச்சார். ஊரின் மேற்குப் பக்கத்துல ஏழை மெக்சிகன் குடும்பங்கள் ஆயிரக்கணக்குல இருக்கு. இயந்திரத்துக்குப் போடற முதலை விட இவங்க கை மலிவு. அதனால இயந்திரத்தை ஓரங்கட்டிட்டுக் கைவேலைக்கே திரும்பிட்டார். தொழில்நுட்பம் எப்பவும் முன்னாடிதான் போகும்னு நம்பறவங்க இந்த இடத்துல ஒரு நிமிஷம் நின்னு யோசிக்கணும்.

வேலை எப்படி? உடைக்கறவங்களுக்கு நூறு பவுண்டுக்கு 50 சென்ட். உடைச்சதுல இருந்து பருப்பை எடுக்கறவங்களுக்கு, பெரும்பாலும் பெண்கள், ஒரு பவுண்டு பருப்புக்கு 6 அல்லது 7 சென்ட். நீள மேஜையைச் சுத்தி நெருக்கி உட்கார்ந்து நாள் முழுக்க விரலால நோண்டணும். காத்தோட்டம் கிடையாது. ஓட்டுல இருந்தும் சவ்வுல இருந்தும் கிளம்பற பழுப்புத் தூசி அறை முழுக்க. அந்த ஊர்ல காசநோய்ச் சாவு லட்சத்துக்கு 148. நாட்டுச் சராசரி 54. வாரக் கூலி சராசரியா ரெண்டு மூணு டாலர்.

1938 ஜனவரில அந்தக் கூலியிலும் ஒரு சென்ட் குறைச்சாங்க. 6, 7 சென்ட் இருந்தது 5, 6 சென்ட் ஆச்சு. உடைக்கறவங்களுக்கு 50 சென்ட் 40 ஆச்சு. ஜனவரி 31ஆம் தேதி கிட்டத்தட்ட 12,000 பேர் வேலையை விட்டு வெளியே வந்துட்டாங்க. முன்னால நின்னது எம்மா தெனாயூகா. வயசு 21! அந்த வயசுல நான் அரியர் பேப்பர் எழுதிக்கிட்டிருந்தேன். எம்மா கம்யூனிஸ்ட் என்பதால பெரிய எதிர்ப்பு, பிறகு தலைமையைத் தொழிற்சங்கம் வேற கைக்கு மாத்துச்சு. ஆனா தொழிலாளிகள் மனசுல தலைவி அவர்தான். போலீஸ் கண்ணீர்ப்புகை வீசுச்சு, எழுநூறுக்கு மேல கைது. 37 நாள் கழிச்சு ரெண்டு தரப்பும் மத்தியஸ்தத்துக்கு ஒப்புக்கிட்டாங்க.

ஜெயிச்சாச்சு, சுபம்னு போட்டிருக்கலாம். போட முடியலை. அதே வருஷம் அக்டோபர்ல நாடு முழுக்கக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அமலுக்கு வந்தது. மணிக்கு 25 சென்ட். கை மலிவுங்கற கணக்கு ஒரே ராத்திரியில பொய்யாச்சு. முதலாளிகள் ஓரங்கட்டி வெச்ச இயந்திரங்களைத் திரும்பக் கொண்டு வந்தாங்க. அடுத்த மூணு வருஷத்துல பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவங்களோட இடத்துல இயந்திரம் வந்து உட்கார்ந்தது.

சட்டம் தப்பா? அப்படிச் சொல்ல எனக்கு மனசு வரலை. வாரத்துக்கு ரெண்டு டாலரும் காசநோயும் ஒரு வேலைன்னா அந்த வேலை இருந்து என்ன, போய் என்ன? ஆனா வேலை போன பத்தாயிரம் குடும்பத்துக்கு முன்னாடி நின்னு இதைச் சொல்ற தைரியமும் எனக்கு இல்லை.

என் சின்னப் பரிசோதனை

படிச்சு முடிச்ச ஞாயித்துக்கிழமை கடிகாரத்தை எதிர்ல வெச்சுக்கிட்டு உட்கார்ந்தேன். ஒரு பவுண்டு பருப்பு தேறணும்னா ரெண்டு பவுண்டுக்கு மேல கொட்டை வேணும். கருவியால உடைக்க 20 நிமிஷம்தான் ஆச்சு. பருப்பை நோண்டி எடுக்க, சவ்வை நீக்க, ரெண்டு மணி நேரம். நகக்கண்ணெல்லாம் பழுப்பு. முழுப் பாதி கொஞ்சம், துண்டுதான் அதிகம். துண்டுக்கு 1938 கூலி 5 சென்ட்.

என் வேகத்துல பத்து மணி நேரம் உழைச்சா அஞ்சு பவுண்டு, 25 சென்ட். அதாவது அந்தச் சட்டம் ஒரு மணி நேரத்துக்குக் கொடுன்னு சொன்ன காசு. அவங்க ரெண்டு மூணு டாலர் சம்பாதிக்க வாரத்துக்கு 40, 50 பவுண்டு எடுத்திருக்கணும். என்னைவிட எவ்வளவு வேகம்னு நீங்களே பார்த்துக்கோங்க. அதுவும் என்னோடது நல்ல ஜாதி மரம், மெல்லிய ஓடு.

அன்னிக்கு ராத்திரி பண்ருட்டிக்குப் போன் போட்டேன். பெரியம்மா வயசான காலத்துலயும் முதல் மணியிலேயே எடுத்துடுவாங்க.

"என்னடா பண்றே?"

"கொட்டை உடைக்கிறேன் பெரியம்மா."

"இதுக்காடா அமெரிக்கா போனே?"

அவங்க கல்யாணத்துக்கு முன்னாடி முந்திரி உடைச்சவங்க. முந்திரி ஓட்டுல இருக்கிற எண்ணெய் தோலைப் பொத்துடும். கையில சாம்பலைத் தடவிக்கிட்டுத்தான் உட்காருவாங்களாம். "சாம்பல் தீர்ந்தா விரல் வெந்துடும்டா. எண்ணெய் கறை போகாது, பொண்ணு பார்க்க வந்தப்போ கையைப் புடவைக்குள்ள மறைச்சுக்கிட்டேன்" என்றார். சின்ன வயசுல அவங்க பொறுக்கிக் கொடுத்த முந்திரியை எத்தனை பிடி தின்னிருப்பேன். இத்தனை வருஷத்துல அந்தக் கையைப் பத்தி ஒரு நாள் கூடக் கேட்டதில்லை. அஞ்சு டாலர் இரும்பு கேட்க வெச்சது.

எம்மா தெனாயூகா அப்புறம் அந்த ஊர்லயே இருக்க முடியாமப் போனார். பல வருஷம் கழிச்சுத் திரும்பி வந்து பள்ளிக்கூட டீச்சரா வேலை பார்த்து, 1999ல காலமானார்.

கருவி இப்போ சமையலறை மேடையில இருக்கு. பசங்களுக்கு அதை அழுத்தறது விளையாட்டு. டப் டப்னு உடைச்சுத் தள்ளறாங்க. பருப்பை நோண்டி எடுக்கச் சொன்னா மட்டும் ஓடிடறாங்க. அது யார் வேலைன்னு அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கு.

டிஸ்கி: உங்க வீட்டுல முந்திரி, புளி, பாக்கு, வேர்க்கடலைன்னு எதையாவது கூலிக்கு உடைச்ச கைகள் இருந்தா, எந்தக் கருவி, என்ன கூலின்னு கேட்டுப் பின்னூட்டத்துல எழுதுங்க. கேட்கிறதைக் கொஞ்சம் சீக்கிரம் கேட்டுடுங்க.